முன்னால் பதினோரு கிலோமீட்டர்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

இனிமேல் போன் செய்யாதே என்று நீ சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. கடிதம் எழுதாதே என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்து நான்தான் மறந்துவிட்டேன் என்றால், இதற்கு மேல் படிக்காமல் கிழித்துவிடு.

போன வியாழக்கிழமை உன் பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா எனக்குப் போன் செய்தார். உன் இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வலது கண்ணுக்கு ஆபரேஷன், கூட ஒரு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும் நீ தனியாக ஆட்டோவில் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாய் என்று சொன்னார். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமாம். அந்த நேரத்துக்கு உன் ஊரிலிருந்து பஸ் கிடையாது என்பது எனக்குத் தெரியும். நான் காரில் வந்து உன்னை அழைத்துப் போகிறேன். அனுமதி கொடு.

ஆனால் கார் சரியாக இல்லை. ஸ்டார்ட் ஆகிறது. நிற்கும்போது உடம்பு முழுக்க உதறுகிறது. ஏற்றத்தில் இழுக்க மறுக்கிறது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. தெருமுனை மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "காயில் போயிருக்கும் சார். எப்பலேருந்து இப்படி?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இனி அவரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது.

நானே மாற்றலாமா? கல்லூரியில் மின்தூண்டல் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலைக் கையால் தொட்டதில்லை. முப்பத்தெட்டு வருடம் வானிலை நிலையத்தில் மழையை அளந்தவனுக்கு ஸ்பானர் பிடிக்க வருமா என்பது சந்தேகம். முப்பது வருடம் ஒர்க்‌ஷாப்பில் கார் ஒயரிங் பார்த்தவள் நீ. நான்கு வரி எழுதினால் போதும். கோபத்தோடு எழுதினாலும் சரி.

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

தையக்காரம்மா வாயை அவ மிஷின்லயே வச்சு ஒரு ஓட்டு ஓட்டணும். நான் யார்ட்டயும் சொல்லச் சொல்லல.

எழுத்து ஏன் இவ்ளோ பெருசா இருக்குன்னு யோசிக்காதே. சின்னதா எழுதினா எனக்கே தெரிய மாட்டேங்குது.

நீ வர வேணாம். ஆட்டோக்காரர்ட்ட பேசியாச்சு. அவர் என்னை எறக்கி விட்டுட்டு வாசல்லயே இருக்கறேன்னு சொல்லிருக்கார். வர வேண்டிய அன்னிக்கு வராதவங்க இப்ப வந்து என்ன ஆகப்போவுது?

ஆனா வண்டியைப் பத்திக் கேட்டிருக்கே. வண்டி மேல எனக்குக் கோவம் இல்ல, அதனால சொல்றேன்.

இஞ்சின் நல்லா ஆறட்டும். மேல இருக்கற பிளாஸ்டிக் மூடியை எடு. நாலு காயில் வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணு தலையிலயும் ஒரு ஒயர் சொருகியிருக்கும். அதுல சின்னதா ஒரு பூட்டு இருக்கு, அதை அமுக்கிட்டு இழுக்கணும். அமுக்காம இழுத்தா ஒடையும். முதல்ல ஒரே ஒரு ஒயரைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணிக் கேளு. உதறல் அதிகமாச்சுன்னா அந்தக் காயில் நல்லா இருக்கு, ஒயரைத் திரும்ப மாட்டு. இஞ்சினை நிறுத்திட்டுத்தான் ஒயர்ல கை வைக்கணும், ஓடும்போது வைக்காதே. இப்படி நாலையும் பாரு. எந்த ஒயரைக் கழட்டினா சத்தத்துல வித்தியாசமே இல்லையோ, அங்கதான் கோளாறு.

அப்புறம் அந்த எடத்துக் காயிலையும் பக்கத்துக் காயிலையும் இடம் மாத்தி வை. கோளாறும் கூடவே இடம் மாறினா காயில் போச்சு. அங்கயே நின்னா அடியில இருக்கற பிளக்கு போச்சு. அவ்ளோதான். இதுக்கு ஒண்ணும் காலேஜ் வேணாம்.

காயிலைக் கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸ் ஒயரை எடுத்துடு. கட்டாயம் பனியனோட செய், முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டுச் செய்வே நீ.

தங்கச்சி


மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு மாற்றிக்கொண்டேன்.

நீ சொன்னபடி செய்தேன். செய்ததையெல்லாம் நோட்டில் எழுதினேன். பயன் இல்லை. தவறு எங்கே என்று தெரியவில்லை, என்னிடம்தான் இருக்க வேண்டும். நோட்டை அப்படியே பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

9.00 பேட்டரி மைனஸ் கழற்றப்பட்டது. 9.05 மூடி எடுக்கப்பட்டது. 9.10 குழப்பம் வராமல் இருக்க நான்கு காயில்களுக்கும் 1, 2, 3, 4 என்று சீட்டு ஒட்டப்பட்டது. அவை உட்காரும் இடங்களுக்கும் அப்படியே. 9.30 மைனஸ் மாட்டப்பட்டு ஒயர் சோதனை. 1, 2, 4 கழற்றியபோது உதறல் கூடியது. 3 கழற்றியபோது வித்தியாசம் இல்லை. 10.20 மைனஸ் மறுபடி கழற்றப்பட்டது. 10.40 காயில் 2ம் 3ம் இடம் மாற்றப்பட்டன. 10.50 தேநீர். 11.10 சீட்டு வரிசை சரிபார்க்கப்பட்டது. 11.20 மைனஸ் மாட்டப்பட்டு ஸ்டார்ட், மறுபடி ஒயர் சோதனை. கோளாறு மூன்றாம் இடத்திலேயே இருக்கிறது. ஆகவே பிளக் பழுது என்று முடிவு.

பிறகு புதிய பிளக் வாங்கி மூன்றாம் இடத்தில் போட்டேன். ஸ்பானர் கைப்பிடி வழுக்கி விரல் தோல் போனது, பெரிதாக ஒன்றுமில்லை. உதறல் அப்படியேதான் இருக்கிறது. இஞ்சினுக்கு உள்ளே ஏதோ பெரிய சேதமோ என்று இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது.

ஆட்டோக்காரர் வாசலில் இருப்பார், சரி. கண்ணுக்குக் கட்டுப் போட்டு வெளியே வரும்போது மருந்துச் சீட்டைப் படிப்பது யார்?

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

இந்தக் கடுதாசியைக் கையில வச்சுக்கிட்டு நான் சிரிச்ச சிரிப்புல தையக்காரம்மா செவுத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து "என்ன ஆச்சு"ன்னு ஓடி வந்துட்டா. ஒன்றரை வருஷம் ஆச்சு நான் இப்படிச் சிரிச்சு.

11.10ல என்ன பண்ணினே? திரும்பப் படி. "சீட்டு வரிசை சரிபார்க்கப்பட்டது." டீ குடிச்சுட்டு வந்து பாத்திருக்கே. மூணாவது இடத்துல ரெண்டாம் நம்பர் சீட்டு உக்காந்திருக்கு. ஐயோ வரிசை தப்பா இருக்கேன்னு, இடம் மாத்தி வச்சதைத் திரும்ப எடுத்து அது அது இடத்துலயே வச்சுட்டே. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, கோளாறு இடம் மாறலன்னு முடிவு எழுதியிருக்கே. இந்தத் தப்பை ஒலகத்துலயே உன்னால மட்டும்தான் பண்ண முடியும். ஒர்க்‌ஷாப்புல எத்தனையோ முட்டாளைப் பாத்திருக்கேன். ஆனா தப்பு பண்ணினதை மணி போட்டு எழுதி எனக்கே தபால்ல அனுப்பின முட்டாள் நீ ஒருத்தன்தான்.

இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. மூணாவது காயில் போயிருக்கு. மத்ததுக்கும் அதே வயசுதான், அதனால நாலையும் மாத்திடு.

சிரிச்சு முடிச்சப்புறம் உக்காந்து யோசிச்சேன்.

நீ முதல் கடுதாசியிலயே எழுதிட்டே. உதறுது, ஏற்றத்துல இழுக்கல, வெளக்கு விட்டு விட்டு எரியுது. ஒரு காயில் போனா அப்படித்தான் இருக்கும். ஆனா ஒரு காயில் போனா வண்டி நிக்காது அண்ணா. மீதி மூணுல ஓடும். முக்கி மொனகி ஓடும், ஆனா ஓடும். இது எனக்கு நல்லாத் தெரியும்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேந்த அன்னிக்கு நீ வரல. மூணாம் நாள் பஸ்ல வந்து, மேட்டுல வண்டி நின்னுபோச்சுன்னு சொன்னே. நீ ஏதோ சாக்கு சொல்றேன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. அதான் போன் பண்ணாதேன்னேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு ராத்திரியும், ஒருவேளை நெசமாவே நின்னிருந்தா, நான்தான் அவசரப்பட்டுட்டேனோன்னு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்.

மெக்கானிக் எப்பலேருந்துன்னு கேட்டும் நீ சொல்லலயே, அன்னிலேருந்துதானே இந்தக் கோளாறு? இப்ப நீயே எழுது. அன்னிக்கு வண்டி நின்னுச்சா?

தங்கச்சி


மார்ச் 23

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை. வண்டி நிற்கவில்லை.

இதை எழுத நான்கு நாள் ஆகவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஆனால் ஒன்றரை வருடமாக எழுதாமல் வைத்திருந்தது இதைத்தான். மெக்கானிக் "எப்பலேருந்து" என்று கேட்டபோது வாயைத் திறக்க முடியாமல் போனதும் இதனால்தான்.

அன்று காலை நீ போனில் சொன்னதும் ஏழு இருபதுக்குக் கிளம்பினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில், மேடு தொடங்கும் இடத்தில், வண்டி உதறத் தொடங்கியது. விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தினேன். இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஐம்பத்து நான்கு வயதில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாப்பிள்ளை. டிரைவிங் ஸ்கூலில் அத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தவர், என் மேல் ஒருமுறையும் எரிச்சல்படவில்லை. "மச்சான், வண்டிக்கும் உங்களைப் பாத்தா பயமாத்தான் இருக்கும், ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க" என்பார். உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். நான் பின்னால் எடுக்கும்போது கையை ஆட்டி, "வா வா வா, போதும்" என்பார். அவர் போதும் என்று சொல்லும் வரை நான் கண்ணாடியைப் பார்த்ததே இல்லை.

அந்த வளைவில் உட்கார்ந்துகொண்டு, இன்று கேட்டில் யாரும் நிற்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நான் முதலில் பார்க்கப் போவது உன் முகத்தை என்று நினைத்தேன். உதறுவது வண்டியா நானா என்று தெரியவில்லை. திரும்பிவிட்டேன்.

நோட்டில் எழுதியிருக்கிறேன். வீட்டிலிருந்து வளைவு நாற்பத்தாறு கிலோமீட்டர். வளைவிலிருந்து உன் வீடு பதினோரு கிலோமீட்டர். பின்னால் நாற்பத்தாறு ஓடிய வண்டிக்கு முன்னால் பதினொன்று ஓடத் தெரியாதா? அந்தப் பக்கத்தைப் பிறகு நான் புரட்டவே இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. நீ என்னைச் சந்தேகித்தது சரி. உன்னை நீயே திட்டிக்கொண்டதுதான் தவறு. அதற்கும் நானே காரணம்.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. வேலை முடிந்ததை மட்டும் தெரிவிக்கிறேன்.

நான்கு காயில்களும் மாற்றியாகிவிட்டது. பழையது ஒவ்வொன்றையும் லேசாகத் திருகிவிட்டு நேராக மேலே இழுத்தேன், ஜாடியிலிருந்து தக்கை வருவதுபோல வந்தது. சீட்டு எதுவும் ஒட்டவில்லை. நடுவில் தேநீர் குடிக்கவும் போகவில்லை. ஸ்டார்ட் செய்தேன். உதறவே இல்லை. நின்று கேட்டேன், உட்கார்ந்து கேட்டேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உதறுகிறதா என்று கேட்டேன். "எது சார்?" என்றார்.

ஒரு குறை. மூன்றாம் ஒயரின் பூட்டை அமுக்கித்தான் இழுத்தேன், இருந்தும் ஒடிந்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கெட்டியான நூலால் ஒயரைக் காயிலோடு சேர்த்து நான்கு சுற்றுக் கட்டியிருக்கிறேன்.

பதினோராம் தேதி மாலை உன் வீட்டுக்கு வருவேன். நான் வேண்டாமென்றால் கேட்டைப் பூட்டி வை. மணி அடிக்க மாட்டேன். திரும்பிப் போகவும் மாட்டேன். இரவு ஆஸ்பத்திரி ஊரில் தங்கிக்கொண்டு, காலையில் வாசலில் உன் ஆட்டோக்காரருக்குப் பக்கத்தில் நிற்பேன். மருந்துச் சீட்டு படிக்க ஒரு ஆள் வேண்டும்.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா,

வண்டி நிக்கலன்னு நீ எழுதின கடுதாசி வந்து பத்து நாளாச்சு. நாலு தடவை பதில் எழுத உக்காந்தேன். நாலு தடவையும் திட்டுத்தான் வந்துது, அதனால எழுதல.

அன்னிக்கு எனக்கு ஆளுங்களுக்குக் கொறைச்சல் இல்ல. வீடு நெறைய ஜனம். யாரோ காப்பி குடுத்தாங்க, யாரோ முதுகைத் தடவினாங்க. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தேன். உன் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும். தூக்கற நேரத்துல "இன்னும் யாராச்சும் வரணுமா"ன்னு கேட்டாங்க. எங்க அண்ணன் வரணும்னு சொன்னேன். ஒரு மணி நேரம் வச்சிருந்தாங்க. அதுக்கு மேல முடியாதுன்னுட்டாங்க.

நீ பயந்தேன்னு எழுதியிருக்கே. எனக்கு மட்டும் பயம் இல்லயா?

வரணுமா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கே தெரியல. ஆனா நூல் கட்டாதே. இஞ்சின் சூட்டுக்கு நூல் தளர்ந்துடும், அதிர்வுல ஒயர் மெல்ல வெளிய வந்துடும், மேட்டுல ஏறும்போதுதான் வரும். கேபிள் டை வாங்கிப் போடு. ஒயரைக் கட்டற பிளாஸ்டிக் பட்டை, எந்த எலக்ட்ரிக் கடையிலயும் இருக்கும்.

தங்கச்சி


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக வீடு வந்து சேர்ந்தேன். கதவுக்குக் கீழே உன் எட்டாம் தேதிக் கடிதம் கிடந்தது. நான் கிளம்பிய பிறகுதான் வந்திருக்கிறது. நின்றபடியே படித்தேன். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எட்டு நாள் உன் வீட்டில் இருந்தும் நீ சொல்லவில்லை. நோட்டில் புரட்டாமல் விட்ட அந்தப் பக்கத்தை எடுத்து, ஒரு மணி நேரம் என்று எழுதினேன்.

உன்னிடம் நேரில் சொல்லாத ஒன்று என்னிடமும் இருக்கிறது. பதினோராம் தேதி வரும் வழியில், அதே தண்ணீர்த் தொட்டி வளைவில், வண்டி மறுபடி உதறத் தொடங்கியது. விளக்கு எரிந்தது. நூலைப் பற்றி நீ எழுதியது அப்போது எனக்குத் தெரியாது. புதுக் காயிலும் போய்விட்டது, செய்த வேலை எல்லாம் வீண் என்றுதான் நினைத்தேன். ஓரமாக நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் கியரில் போட்டு, பின்னால் வந்த லாரிகளுக்கெல்லாம் கையைக் காட்டி வழிவிட்டு, பதினோரு கிலோமீட்டரை முப்பத்தெட்டு நிமிடத்தில் வந்தேன். ஒரு லாரிக்காரர், "பெரியவரே, தள்ளிக்கிட்டே வந்தா இதைவிட சீக்கிரம் போயிடலாம்" என்று கத்திவிட்டுப் போனார்.

வந்தபோது கேட் திறந்திருந்தது. நீ வெளியே நின்றிருந்தாய். நான் வண்டியைப் பின்னால் எடுக்க, கையை ஆட்டி "வா வா வா" என்றாய். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பூத்தொட்டி உடைந்தது. "கண்ணு தெரியாதவ சொல்லைக் கேட்டு வண்டி எடுத்தா இப்படித்தான்" என்றாய். அதற்குப் பிறகு உதறலைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவாய் என்று பயம்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வண்டி உதறவில்லை. திரும்பி வரும்போதும் இல்லை. நோட்டில், "கோளாறு தானாகச் சரியானது, காரணம் தெரியவில்லை, கவனிக்கவும்" என்று எழுதிவைத்தேன். நேற்று உன் கடிதத்தைப் படித்ததும் பானெட்டைத் திறந்தேன். நூல் இல்லை. மூன்றாம் காயிலில் ஒரு கறுப்புப் பட்டை. நுனி ஒட்ட வெட்டியிருக்கிறது. அதை நான் போடவில்லை.

எப்போது போட்டாய்? கண் அந்த நிலையில் இருக்கும்போது எப்படி?

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை. குனிந்து எதையும் தூக்காதே.

அண்ணன்


ஏப்ரல் 26

அண்ணா,

எழுத்து சின்னதா இருக்கு பாத்தியா? ஒரு கண்ணாலதான் எழுதறேன், இருந்தும் கோடு மேலயே போகுது. செவுத்துல அவர் போட்டோவுல தூசி எவ்ளோ இருந்துதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. தொடச்சேன்.

தானா சரியாச்சாம். இஞ்சின்ல தானா எதுவும் சரியாகாது. நோட்டுல அதை அடிச்சுட்டு வேற எழுது.

ஆபரேஷன் அன்னிக்குக் காலையில நீ குளிக்கப் போனே. நீ குளிக்கப் போனா அரை மணி நேரம், எனக்குத் தெரியாதா? சாவி ஆணியில மாட்டியிருந்துது. பானெட்டைத் தூக்கிட்டு கையாலயே தடவிக்கிட்டுப் போனேன். முதல் ஒயர் கெட்டி, ரெண்டாவது கெட்டி, மூணாவது பாதி வெளிய வந்து ஆடிக்கிட்டிருக்கு. நூல் என்னமோ முடிச்சு முடிச்சா கட்டிருக்கே, பார்சல் கட்டற மாதிரி. அறுத்துட்டு, அமுக்கிட்டு, டை போட்டேன். பழைய வேலைப் பெட்டியில ஒரு கட்டு இருந்துது. இதுக்குக் கண்ணு எதுக்கு? முப்பது வருஷம் பாதி வேலை கையாலதானே பாத்தேன்.

ஒண்ணு நீ தப்பா எழுதியிருக்கே. கேட் திறந்திருந்துதுன்னு.

பூட்டித்தான் வச்சிருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கே பூட்டிட்டு, சாவியை மடியில வச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். வந்தா வரட்டும், பூட்டைப் பாத்துட்டுப் போகட்டும்னு. தையக்காரம்மா வந்து கேட்டதுக்கு அவமேலயும் எரிஞ்சு விழுந்தேன். அப்புறம் தெருமுனையில உன் வண்டிச் சத்தம் கேட்டுது. கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, மூணுலதான் ஓடுது. ஒண்ணு செத்துக் கெடக்கு. இதைப் போட்டுக்கிட்டு அந்த மேடு பூரா ஏறி வந்திருக்கான்னு நெனச்சேன். எந்திரிச்ச வேகத்துல சாவி எங்கயோ விழுந்துடுச்சு, தடவி எடுத்து நான் கேட்டைத் திறக்கறதுக்கும் நீ வீட்டுக்கிட்ட வர்றதுக்கும் சரியா இருந்துது.

பூத்தொட்டி புதுசு வாங்கிட்டேன். அடுத்த கண்ணு ஜூன்ல. ஆட்டோக்காரர்ட்ட வேணாம்னு சொல்லியாச்சு.

ஞாயித்துக்கெழமை காலையில போன் பண்ணு. என்ன பேசணும்னு முன்னாடியே எழுதி வச்சுக்காதே. எழுதி வச்சுப் படிச்சா எனக்குத் தெரிஞ்சுடும்.

தங்கச்சி